தொழில்: சர்வீஸ்

வேலையில் சேர்ந்த புதிதில் நான் ஒரு விஷயத்தை உறுதியாக நம்பினேன். ஒப்புதல் படிவத்தில் எத்தனை கையெழுத்து விழுகிறதோ, அத்தனைக்கு ஆஸ்பத்திரி பத்திரம். ஒன்று இருந்தால் நல்லது, மூன்று இருந்தால் மிக நல்லது, ஏழு இருந்தால் கும்பகர்ணன் மாதிரித் தூங்கலாம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகவே கண்டுபிடித்தேன். முட்டாள்தனத்தில் எனக்குச் சொந்த உழைப்பு உண்டு.

இந்த மேஜையில் புதிதாக உட்காரப் போகிற உங்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கி இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்காதவர்கள். "அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டீர்கள். ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கொல்கத்தா லேக் கார்டன்ஸில் பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறவனிடம் இப்படிக் கேட்கக்கூடாது. நாலு பக்கம் நாற்பதாகிவிடும். அதனால் படிவம் எப்படி நிரப்புவது, எந்தப் பிரதி எந்தக் கோப்பில் போவது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதைக் கம்ப்யூட்டர் சொல்லும். கம்ப்யூட்டர் சொல்லாததைச் சொல்கிறேன்.

நம்முடைய வேலை, ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளியை உட்காரவைத்து, என்ன செய்யப் போகிறார்கள், என்னென்ன ஆபத்து வரலாம் என்று அச்சடித்த தாளைக் காட்டி, அவருடைய சம்மதத்தை வாங்குவது. கையெழுத்துக்கு வங்காளத்தில் 'ஷொய்'. ஆகவே என்னை வார்டு முழுக்க 'ஷொய் பாபு' என்றுதான் கூப்பிட்டார்கள். நோயாளியோடு வருகிற கூட்டத்துக்கு இந்த ஊரில் 'பேஷண்ட் பார்ட்டி' என்று பெயர். பார்ட்டி என்றதும் கேக் இருக்கும் என்று நினைக்காதீர்கள். முதல் மாதம் நான் நினைத்தேன்.

அந்த முதல் வருஷத்திலேயே ஒரு குடலிறக்க நோயாளி வந்தார். டாலிகஞ்சிலிருந்து ஒரு படையே கூட வந்தது. மூத்த அண்ணன் போட்டார், நடு அண்ணன் போட்டார், மாமா போட்டார், மச்சினன் போட்டார். அவர்கள் தெரு கிளப்பின் செக்ரட்டரி, "நான் போடாமல் எப்படி?" என்று பேனாவை வாங்கி அவரும் போட்டார். நான் ஒவ்வொரு கையெழுத்தையும் திருமண மொய் எழுதுகிறவன் மாதிரி பக்தியோடு வாங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் மூலையில் உட்கார்ந்திருந்த நோயாளி கேட்டார் (தாதா என்றால் இங்கே அண்ணன், ரவுடி இல்லை): "சரி தாதா, நான் எங்கே போடணும்?"

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடம் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு வகுப்பு எடுத்தார்கள். நினைவு தெளிவாக இருக்கிற, வயது வந்த ஆளின் உடம்புக்கு அந்த ஆள்தான் சம்மதம் சொல்ல முடியும். அண்ணன் போட்டாலும், பெண்டாட்டி போட்டாலும், கிளப் செக்ரட்டரி போட்டாலும் அது அவருடைய சம்மதம் ஆகாது. சரி என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து முதல் கையெழுத்தை நோயாளியிடமே வாங்கினேன். எனக்கு இனி எல்லாம் தெரியும் என்றும் நினைத்துக்கொண்டேன். பழைய முட்டாள்தனத்துக்குப் புதுச் சட்டை போட்டதுதான் மிச்சம் என்று புரிய இருபது வருஷமும் ஒரு தர்மலிங்கமும் தேவைப்பட்டார்கள்.

அவர் பெயர் தர்மலிங்கம் என்றே வைத்துக்கொள்வோம். ஐம்பத்தேழு வயது. குன்னூர்க்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் கொல்கத்தாவாசி. மூளைக்குக் கீழே, மூக்குக்கு நேர் பின்னால் இருக்கிற சுரப்பியில் ஒரு கட்டி. புற்று இல்லை. ஆனால் அது வளர்ந்து கண் நரம்பை அழுத்த ஆரம்பித்திருந்தது. நேரே பார்ப்பது தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது. பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் இடப்புறமிருந்து வந்த ஆட்டோ அவருக்குத் தெரியவே இல்லை. ஆட்டோக்காரருக்கு இவர் தெரிந்ததால் பிழைத்தார். மாத்திரைக்குக் கேட்கிற கட்டி இல்லை. மூக்கு வழியாகக் கருவியை விட்டுத்தான் எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் பார்வை போகும்.

பார்ட்டி என்று வந்தது ஒரே ஒரு பெண். மகள் நிவேதா. வங்கி வேலை, கையில் குடை. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், அதனால் தமிழ் வீட்டுக்கு மட்டும். என்னைக் 'காகு' என்று கூப்பிட்டாள். அப்பாவின் தம்பியை வங்காளிகள் அப்படி அழைப்பார்கள். எதிர்ப்படுகிற நடுவயசுக்காரர் எல்லாருக்கும் அந்தப் பதவி உண்டு.

அப்பாவைக் கண் சோதனைக்கு அனுப்பிவிட்டு முதலில் அவள் மட்டும் வந்தாள். படிவத்தை நிரப்பினோம்.

"அப்பா என்ன பண்றாரும்மா?"

"சர்வீஸ், காகு."

நான் 'சர்வீஸ்' என்று எழுதினேன். இதில் ஏதாவது தப்பு தெரிகிறதா உங்களுக்கு? எனக்கும் தெரியவில்லை. இந்த ஊரில் மாதச் சம்பளம் வாங்குகிற எல்லாரும் சர்வீஸ்தான். கப்பல் துறைமுகத்தில் இருந்தாலும் சர்வீஸ், கணக்கு வாத்தியாராக இருந்தாலும் சர்வீஸ். பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூட அதோடு திருப்தி அடைந்துவிடுவார்கள். நான் மட்டும் எதற்கு மேலே கேட்பேன்?

பேனாவை மூடும்போது அவள் குரலை இறக்கினாள். "காகு, ஒரு ரிக்வெஸ்ட். சர்ஜன் மேடம் என்கிட்ட எல்லா ரிஸ்க்கும் சொல்லிட்டாங்க. அப்பாகிட்ட அந்த லிஸ்ட் முழுசும் படிக்காதீங்க, ப்ளீஸ். அவருக்கு பிபி ஏறிடும். பயந்துட்டு வேண்டாம்னு சொல்லிட்டா கண்ணு போயிடும். எனக்கு அவர் மட்டும்தான்."

எனக்கும் ஒரு மகள் உண்டு. நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ச்சி நல்ல குணம்தான், ஆனால் அலுவலக நேரத்தில் அதை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

அரை மணி கழித்து தர்மலிங்கம் வந்தார். நிதானமான மனிதர். கண் சோதனைக்காக மருந்து விட்டிருந்ததால் பாவை விரிந்து, கிட்ட இருப்பதெல்லாம் அவருக்குக் கலங்கித் தெரிந்தது. தமிழ்க்காரர் என்ற பாசத்தில் டீ வரவழைத்தேன். அவர் கோப்பையை மூக்குக்குக் கீழே பிடித்தபடி ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். பிறகு குக்கர் விசில் விடுவது மாதிரி ஒரு சத்தத்தோடு ஒரு வாய் உறிஞ்சினார். பக்கத்து மேஜைக்காரி திரும்பிப் பார்த்தாள். வாய்க்குள் அதை இப்படியும் அப்படியும் புரட்டினார். பிறகு சுற்றுமுற்றும் தேடி, குப்பைக் கூடையை இழுத்து, அதில் துப்பினார்.

"தண்ணி ரெண்டு தடவ கொதிச்சிருக்குங்க," என்றார். "இலை போன வருசத்துது. டப்பாவ பினாயில் பக்கத்துல வச்சிருக்கீங்க."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் தொடவில்லை.

எந்த மனிதனுக்கும் இந்த இடத்தில் ஒரு பொறி தட்ட வேண்டும். எனக்கும் தட்டியது. படிவத்தின் ஓரத்தில் 'விழுங்குவதில் சிரமம் இருக்கலாம்' என்று எழுதினேன். சாயங்காலம் தொண்டை மருத்துவர் ஒருவர் வந்து, டார்ச் அடித்து, அவரை 'ஆ' சொல்லச் சொல்லி, ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். தர்மலிங்கமும் பாவம், இதுவும் ஆபரேஷனைச் சேர்ந்தது என்று நினைத்து வாயைத் திறந்து காட்டியிருக்கிறார். இன்னொன்றும் செய்தேன். அலமாரியைத் திறந்து பார்த்தேன். டீ டப்பா பினாயில் பாட்டிலோடு தோளோடு தோள் உரசி நின்றது. பினாயிலை இடம் மாற்றினேன். அதோடு என் புலனாய்வு முடிந்தது.

படிவத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"எழுத்தெல்லாம் கலங்குதுங்க," என்றார். "நீங்களே படிச்சுச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா சரிதான்."

அச்சடித்த பட்டியலில் பதினொரு ஆபத்துகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'நோயாளிக்கு விளக்கப்பட்டது' என்று ஒரு கட்டம். ஒன்பதாவது: வாசனை உணர்வு குறையலாம் அல்லது போகலாம். நிவேதா நாற்காலி நுனியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூக்கு வழியாவே எடுத்துடுவாங்க சார். வெளியே தையல்கூடத் தெரியாது," என்றேன். "ரெண்டு நாள் மூக்கடைச்ச மாதிரி இருக்கும். ஜலதோஷம் வந்தா இருக்குமே, அப்படி."

"ரெண்டே நாளா?"

"ரெண்டு, மூணு."

நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அவர் போனபின் பதினொரு கட்டத்திலும் டிக் அடித்தேன். என் டிக் அழகாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, நாலாம் மாடியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே தள்ளுவண்டியில் அவர் படுத்திருந்தார். பச்சைத் தொப்பி, கையில் பெயர்ப் பட்டை. மயக்க மருந்து இன்னும் கொடுக்கவில்லை. கோப்பு சரியாக இருக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை பார்ப்பது என் வழக்கம். பார்த்தேன், சரியாக இருந்தது. கிளம்பும்போது அவர் கேட்டார்.

"ஏனுங்க, வெள்ளிக்கிழமைக்கு மூக்கு தெறந்துடுமில்ல? நீங்க ரெண்டு நாள்னு சொன்னீங்க. அன்னிக்கு எனக்கு ஒரு பெரிய லாட் வருது."

"என்ன லாட் சார்?"

"டார்ஜிலிங் இலைதானுங்க. மழைக்கு முன்னால பறிச்சது. நான் மோந்து, குடிச்சுப் பார்த்து சொன்னாத்தான் ஏலத்துக்கே போகும்." அவர் சிரித்தார். "முப்பது வருசமா அதுதானுங்களே பொழப்பு. டீ டேஸ்டர்."

என் கையில் கோப்பு இருந்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில், கொட்டை எழுத்தில்: தொழில், சர்வீஸ்.

நீங்கள் என்னிடம் எதிர்பார்ப்பது நிதானமான முடிவு என்று தெரியும். நான் செய்தது வேறு. "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வங்காளப் பத்திரிகையிலும் ஆங்கிலப் பத்திரிகையிலும் வருவதாகத் தெரிந்தது. அந்தப் போட்டோவில் என் காது ரொம்பப் பெரிதாக இருக்கும் என்பதும் ஒரு கவலை. பார்ட்டிகள் கோபத்தில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிகளை உடைத்ததைப் பார்த்தவன் நான். அப்போதெல்லாம் மேஜைக்கு அடியில் தைரியமாக இருந்திருக்கிறேன். இந்த முறை பார்ட்டி ஒரு குடை வைத்த பெண். அவளுக்குப் பயந்த மாதிரி நான் எந்தக் கும்பலுக்கும் பயந்ததில்லை.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் வரும். நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. ஒன்பதாவது கட்டத்தில் டிக் இருக்கிறது. கீழே அவர் கையெழுத்து இருக்கிறது. சொன்னேன் என்று காகிதம் சொல்கிறது. இன்னும் பத்து நிமிஷத்தில் அவர் உள்ளே போய்விடுவார். மூக்கு போகலாம், போகாமலும் இருக்கலாம். போனாலும், காகிதம் என் பக்கம்.

தியேட்டர் வாசலுக்குப் பொறுப்பான சிஸ்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எனக்கு இந்த வேலையில் குரு என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான். அவருக்கு அது தெரியாது, தெரிந்தால் சம்பள உயர்வு கேட்பார்.

"கீ ஹோலோ, ஷொய் பாபு? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லை சிஸ்டர். பேப்பர் எல்லாம் சரியா இருக்கு."

அவர் கோப்பை வாங்கிப் புரட்டினார். பக்கம் பக்கமாகப் பார்த்தார். என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"ஆமா. பேப்பர் சரியாத்தான் இருக்கு," என்றார் வங்காளத்தில். "அப்புறம் உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

ஓடினேன். சர்ஜன் மேடம் அறுவை அறைக்குப் பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருப்பார், அங்கே போக இருபது அடி. நான் பதற்றத்தில் படியேறி ஐந்தாம் மாடிக்குப் போய்விட்டேன். அங்கே இருப்பது கேன்டீன். ஆபத்தில் கால் தனக்குத் தெரிந்த இடத்துக்குத்தான் போகும். மீன் கட்லெட் வாசனையில் புத்தி தெளிந்து திரும்பி இறங்கினேன். உள்ளே போக வேண்டுமானால் மேலங்கி, தொப்பி, காலுறை எல்லாம் மாட்ட வேண்டும். கூடையிலிருந்து கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு மேடம் முன்னால் போய் நின்றேன்.

சொன்னேன். ஒன்பதாவது வரியை அவரிடம் சொல்லவில்லை மேடம், டிக் மட்டும் அடித்தேன், அவர் டீ டேஸ்டர். மூன்று வாக்கியம். மூன்றையும் ஒரே மூச்சில்.

மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயை முழங்கையால் மூடினார்.

"நான் மகளிடம் சொன்னேன்," என்றார் மெதுவாக. "மகள் மூக்கையா தொடப் போகிறேன்? என் தப்பும்தான்." பிறகு, "அவரை மயக்க மருந்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லுங்கள். மகளைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால் தலையில் இருப்பதைக் கழற்றுங்கள். அது காலுக்குப் போடுகிறது."

ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுத் தள்ளுவண்டி பக்கத்தில் மேடம் உட்கார்ந்தார். தர்மலிங்கத்துக்கு வங்காளம் நன்றாக வரும். ஓடிவந்த நிவேதா என் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். மேடம் ஒன்றையும் விடவில்லை. பார்வை இப்படியே விட்டால் போகும். எப்போது என்று நாள் குறிக்க முடியாது. மூக்கு வழியாகப் போனால் வாசனை குறையலாம், சில பேருக்குச் சில மாதத்தில் திரும்பும், சில பேருக்குத் திரும்பாது. மூக்குக்குள் மேல்பக்கச் சவ்வில்தான் வாசனை உணர்வு இருக்கிறது, முடிந்தவரை அதைத் தொடாமல் போகப் பார்ப்பதாகச் சொன்னார்.

"நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று தெரிந்திருந்தால் முதலிலேயே அப்படித் திட்டம் போட்டிருப்பேன்," என்றார்.

தர்மலிங்கம் மகள் பக்கம் திரும்பினார். தமிழில் கேட்டார்.

"உனக்குத் தெரியுமா பாப்பா?"

"தெரியும்."

"ஏஞ்சொல்லல?"

"சொன்னா நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்க." அவள் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு போனா என்ன பண்ணுவீங்க அப்பா? சொல்லுங்க."

"கண்ண மூடிக்கிட்டுத்தான் நான் முப்பது வருசமா வேல செஞ்சிருக்கேன்."

அவர் தள்ளுவண்டியில் எழுந்து உட்கார்ந்தார்.

"எனக்குக் கோவமில்லீங்க," என்றார் எங்கள் எல்லாருக்கும் பொதுவாக. "ஆனா இன்னிக்கு முடியாது. என் சட்டையக் குடுங்க."

மேடம் தடுக்கவில்லை. வாரம் ஒரு முறை கண் சோதனைக்கு வர வேண்டும், பார்வை மேலும் சுருங்கினால் உடனே முடிவெடுக்க வேண்டும், தள்ளிப்போடுவதிலும் ஆபத்து இருக்கிறது என்று அதையும் சொல்லி, எழுதிக் கொடுத்தார். இதுவும் சம்மதத்தைச் சேர்ந்ததுதான், குறித்துக்கொள்ளுங்கள். சரி என்று சொல்லத் தெரிந்த ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

நிவேதா அப்பாவை லிஃப்டில் ஏற்றிவிட்டு என்னிடம் திரும்பி வந்தாள். "காகு, அவருக்குக் கண்ணு போச்சுன்னா நான் உங்கள மன்னிக்க மாட்டேன்." கத்தவில்லை. வங்கியில் பாஸ்புக்கைத் திருப்பித் தருகிற குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த மூன்று வாரம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். காலையில் எழுந்ததும் என் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் காலண்டர் தெரிகிறதா என்று சோதித்துப் பார்த்தேன். தெரிந்தது. ஆனாலும் நம்பவில்லை. "உங்களுக்குக் கட்டி இல்லை, கவலைதான்" என்றாள் மனைவி. வேலை போய்விடும் என்று தயாராகி, டிராயரில் இருந்த என் சொந்த ஸ்டேப்ளரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதி நிர்வாகத்திடம் கொடுத்திருந்தேன். விசாரித்தார்கள். ஆபத்துகளை இனி டாக்டர்தான் நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், மேஜைக்காரன் சாட்சிக்கு உட்கார்ந்தால் போதும் என்று உத்தரவு வந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். ஸ்டேப்ளரைத் திரும்பக் கொண்டுபோனேன்.

முதல் வாரச் சோதனையில் பார்வை அப்படியே இருந்தது. இரண்டாம் வாரம் இடது பக்கம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அந்தத் தாளை நிவேதா என் மேஜையில் வைத்து, நான் படித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு எடுத்துக்கொண்டு போனாள். சொன்னது தப்போ என்று நான் முதல் முறையாக நினைத்தது அன்றைக்குத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் கட்டி வெளியே வந்திருக்கும். இந்த நினைப்பும் உங்களுக்கு வரும். நியாயம் செய்தால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாம் வாரம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தர்மலிங்கம் தனியாக வந்தார். நாற்காலியின் இடது கையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாங்க சார். வேலையெல்லாம்..."

"முடிக்க வேண்டிய லாட் இருந்துச்சு, முடிச்சேன்," என்றார். "நடுவுல மழை வந்துச்சுங்க. ரெண்டு நாள் காலைல லேக் பக்கம் போயி நின்னேன். ஈர மண்ணு, பாசி, பக்கத்துல ஒருத்தன் கடலை வறுத்தான். போதும்னு தோணுச்சு. படிவத்தக் குடுங்க."

டாக்டர் வரட்டும் என்றேன். மேடம் வந்தார். இந்த முறை தர்மலிங்கத்தின் கண்ணில் மருந்து இல்லை. பட்டியலைத் தானே ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒன்பதாவது வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"அந்த மேல் சவ்வைத் தொடாமப் போறேன்னு சொன்னீங்க. முடியாமப் போனா?"

"உள்ளே மூளையைச் சுற்றியிருக்கிற நீர் கசிந்தால், அதை அடைக்க அந்தச் சவ்வை எடுக்க வேண்டிவரலாம்," என்றார் மேடம். "வேறு வழியும் இருக்கிறது, ஆனால் அவ்வளவு உறுதி கிடையாது. அந்த நேரத்தில் உங்களை எழுப்பிக் கேட்க முடியாது."

"அப்போ இப்பவே சொல்லிடறேன். அப்படி ஆனா எடுத்துடுங்க. பாப்பாவுக்கு நான் கண்ணு தெரியாத அப்பனா இருக்க வேண்டாம்."

அதை அவரே தன் கையால், தமிழில், படிவத்தின் கீழே எழுதினார். மேடத்துக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன், அதையும் எழுதி மேடம் கையெழுத்துப் போட்டார். பிறகு தர்மலிங்கம் முதல் பக்கத்துக்குத் திரும்பி, என் அழகான கையெழுத்தில் இருந்த 'சர்வீஸ்' மேல் ஒரு கோடு இழுத்து, 'டீ டேஸ்டர்' என்று எழுதினார்.

அன்றிலிருந்து நான் யாரிடமும் தொழில் என்ன என்று கேட்டதில்லை. "காலைல எழுந்ததுலேர்ந்து என்ன செய்வீங்க?" என்று கேட்பேன். பல் ஆபரேஷனுக்கு வந்த ஒரு மாசிமா (நம்ம ஊர்ப் பெரியம்மா மாதிரி), தினமும் சாயங்காலம் சங்கு ஊதுவேன் என்றார். கை ஆபரேஷனுக்கு வந்த ஒருவர், கிளப்பில் கேரம் ஆடாவிட்டால் செத்துப்போவேன் என்றார். இரண்டையும் எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். நீங்களும் கேளுங்கள். ஐந்து நிமிஷம் அதிகமாகும், வரிசையில் நிற்கிறவர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

தர்மலிங்கத்துக்கு அந்தப் புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. கட்டி முழுசாக வந்தது. உள்ளே கசிந்தது. மேடம் அந்தச் சவ்வை எடுத்து அடைத்தார்.

பார்வை நாலு வாரத்தில் திரும்பியது. வாசனை திரும்பவில்லை. பினாயிலின் நெடி மட்டும் மூக்கில் எரிச்சலாகத் தெரியும் என்றார். கம்பெனியில் இப்போது காய்ந்த இலையைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கிற பிரிவில் இருக்கிறார். புகார் எழுதவில்லை. நிவேதா என்னை மன்னித்தாளா என்று தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

ஆறு மாதம் கழித்து ஸ்கேன் பார்க்க வந்தபோது என் மேஜைக்கு வந்தார். டீ வரவழைத்தேன். கோப்பையை மூக்குக்குக் கீழே பிடித்தார், பழக்கம். உறிஞ்சினார், அதே குக்கர் விசில். பக்கத்து மேஜைக்காரி திரும்பிப் பார்த்தாள். குப்பைக் கூடையை நான் காலால் அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

"எப்படி இருக்கு சார்?"

"சூடா இருக்குங்க," என்றார்.

அன்றைக்குத்தான் எங்கள் டீயை அவர் முழுசாகக் குடித்து முடித்தார்.